வுர்யானியின் படிக்கட்டு

கஸ்முரி இறந்த அன்று காலை வுர்யானி வகுப்பில் சாய்தளத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். சக்கர நாற்காலியில் வருகிறவனை வாசலோடு நிறுத்திவிட்டு உள்ளே எத்தனை அழகு செய்து என்ன பிரயோசனம் என்று பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு, பலகையில் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்று எழுதும்போது கைப்பேசி அதிர்ந்தது. கஸ்முரியின் மகன் தர்மின். அம்மா என்கிற மரியாதையில் எல்லோரையும்போல அவனும் அவளை இபு என்பான்.

"இபு, அப்பா போயிட்டாரு. சுபுஹு தொழுதுட்டுச் சாஞ்சவரு, சாஞ்சது சாஞ்சதுதான்."

உடனே வருவதாக மட்டும் சொன்னாள்.

"வாங்க இபு. கொஞ்சம் சீக்கிரமா வந்தா நல்லது. இங்க படிக்கட்டுல ஒரு சின்னச் சிக்கல்."

ஜாவாக்காரன் சின்னச் சிக்கல் என்றால் கூரையில் தீப்பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வுர்யானியும் ஜாவாக்காரிதான். சுண்ணாம்புக்கட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

அந்தப் படிக்கட்டு அவள் வரைந்தது. கட்டடம் முழுவதுமே அவள் வரைந்ததுதான். இருபத்தாறு வருஷம் கட்டடக்கலை சொல்லிக்கொடுத்தவள், வாழ்க்கையில் கட்டி முடித்தது அந்த ஒரே கட்டடத்தை. அதைச் சொல்ல அவள் வெட்கப்பட்டதில்லை. மற்றவர்கள்தான் அவளுக்காக வெட்கப்பட்டார்கள்.

ஜாவாவின் வடகரையில், மண் தாழ்ந்து கடல் ஏறிக்கொண்டே வரும் துறைமுக நகரம் அது. அவள் அப்பா மீன் ஏலக்கூடத்தில் எடை எழுதுகிறவர். படித்து, விரிவுரையாளராகி, முதல் வருஷமே மாணவர்களைக் கூட்டிக்கொண்டு தம்பாக் லுமுத் என்ற கம்போங்குக்கு அளவெடுக்கப் போனாள். துறைமுகத்தின் பின்னால் மீனவர்களும் கூலிகளும் குடியிருந்த இடம். ஒவ்வொரு பெருக்குக்கும் கடல் வீட்டுக்குள் வந்து போகும். வீட்டைத் தூக்க வசதியில்லாதவர்கள் தரையைத் தூக்கினார்கள். வருஷத்துக்கு ஒரு சாண் மண் கொட்டி மேலே சிமெண்டு பூசினார்கள். தரை ஏறியது, கூரை இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில் சொந்த வீட்டுக்குள் குனிந்து நுழைந்து, குனிந்தே சமைத்து, குனிந்தே தொழவேண்டும் என்றானது. கம்போங்கில் பாதிப்பேர் நெற்றியில் நிலைப்படி இடித்த தழும்பு உண்டு.

இருநூற்றுப் பதினான்கு வீடுகளை அளந்தாள். அதுவே அவள் ஆராய்ச்சியாயிற்று. உடன் வேலை பார்த்தவர்கள் ஓட்டலும் கடைத்தொகுதியும் வரைந்து கார் வாங்கினார்கள். "இபு வுர், உங்க கட்டடமெல்லாம் முழங்கால் உசரந்தானே?" என்று ஆசிரியர் அறையில் கேட்டுச் சிரிப்பார்கள். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் அவள் செருப்பில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்துவிட்டுப் பேச்சை மழையின் பக்கம் திருப்பிய கதையை அவளே சொல்லிச் சிரிப்பாள். கூடச் சிரிக்கலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்குத்தான் குழப்பமாக இருக்கும்.

கம்போங்கின் தலைவர் கஸ்முரி. படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவர். நகர அலுவலகம் அங்கே அடுக்குமாடி கட்ட ஒப்புக்கொண்டபோது, "ஜனங்களைக் கேட்டுத்தான் வரைவேன்" என்று வுர்யானி பிடிவாதம் பிடித்தாள். கஸ்முரி பாய் விரித்தார், அவர் மனைவி ஜுமிரா தேநீர் ஊற்றினாள். வுர்யானி அவளை யூ ஜும் என்பாள். அந்தப் பக்கத்தில் மூத்தவளை அக்கா என்கிற முறையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அறுபத்தொரு கூட்டம் நடந்தது. கண் தெரியாதவரிடம் கைப்பிடியின் உயரம் கேட்டாள். பிள்ளைத்தாய்ச்சியிடம் எத்தனை படிக்கு ஒருதரம் மூச்சு வாங்குகிறது என்று கேட்டாள். வலை பின்னுகிறவளுக்கு எவ்வளவு நீளத் தாழ்வாரம் வேண்டும், குழந்தை தடுப்பில் ஏறினால் என்ன ஆகும், எல்லாவற்றையும் கேட்டு எழுதினாள்.

கட்டடம் எழுந்தது. கடல் வந்து போகட்டும் என்று தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த கீழ்த்தளம், அதன்மேல் மூன்று தளம், நாற்பத்தெட்டு வீடு. முதல் தளம்வரை சாய்தளம், அதற்குமேல் படிக்கட்டு. படிக்கட்டின் ஓரம் முழுக்கத் தரையிலிருந்து கூரைவரை சுட்ட மண் ஜாலிச் சுவர். காற்று வரும், குழந்தை விழாது. சீட்டுக் குலுக்கியதில் கஸ்முரிக்கு முதல் தளம் விழுந்தது. அதைக் கண் தெரியாத தம்பதிக்குக் கொடுத்துவிட்டு, "எனக்கு எஞ்சின் தூக்கிப் பழகின காலு" என்று மூன்றாம் தளத்துக்குப் போனார். வாசலில் சலவைக்கல் பதித்தார்கள். எல்லோரையும் உள்ளடக்கிய கட்டடம் என்று அதில் பொன்னெழுத்து. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தக் கட்டடத்தில் விழுந்த முதல் சாவு கஸ்முரியுடையது.

வுர்யானி படியேறியபோது உடலைத் தூக்கிப்போக மசூதியிலிருந்து வந்த இரும்புச் சந்தூக்கு இரண்டாம் தளத்துக்கு ஏறும் திருப்பத்தில் சிக்கிக்கொண்டு நின்றது. இன்னும் வெறும் சந்தூக்குதான், மேலே கொண்டுபோகும்போதே இந்தக் கதி. நாலு பேர் தூக்கியிருந்தார்கள். முன்னால் இருந்த இருவரும் திருப்பத்தில் சுவரோடு நசுங்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் திருப்பினால் பிடி ஜாலியில் முட்டியது, அந்தப் பக்கம் திருப்பினால் மேற்படியில் முட்டியது. தடுப்புக்கு மேலாகத் தூக்கலாம் என்றால் கூரைவரை சுவர்.

"நட்டமா நிறுத்துனா திரும்பும்" என்றான் ஒருவன்.

"வெறுஞ் சந்தூக்கு நட்டமா திரும்பும். மய்யித்தையும் நட்டமா நிறுத்துவியா?" என்றான் இன்னொருவன். வுர்யானியைப் பார்த்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டு தலையைத் தாழ்த்தினார்கள்.

அவள் கண் தன்னையறியாமல் திருப்பத்தை அளந்தது. ஒன்றே கால் மீட்டர் அகலம். சட்டத்தில் சொன்ன அளவு. ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

மூன்றாம் தளத்தில் கஸ்முரியைக் குளிப்பாட்டி, வெள்ளைக் கஃபன் துணி சுற்றிப் படுக்கவைத்திருந்தார்கள். ஜுமிரா எழுந்துவந்து வுர்யானியின் இரண்டு கையையும் பிடித்தாள்.

"இபு, நீங்க கீழ போய் இருங்க. வெயில்ல வந்திருக்கீங்க. யாராச்சும் இபுவுக்குத் தண்ணி குடுங்கப்பா."

அதை அவள் பார்க்கக்கூடாது என்றுதான் அனுப்பினாள். ஆனால் வுர்யானி போகவில்லை. தர்மின் குனிந்து நின்றான். இரண்டு பேர் அவன் அப்பாவைத் தூக்கி அவன் முதுகில் சாத்தினார்கள். பிள்ளையை முதுகில் கட்டும் பத்திக் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். வெள்ளைத் துணிக்குள் அந்த உடம்பு விறைத்துப்போய், வளைய மறுத்தது. தர்மின் ஒவ்வொரு படியாக இறங்கினான். பின்னால் ஜுமிரா புருஷன் காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். திருப்பத்துக்கு ஒருமுறை தலை ஜாலிச் சுவரில் இடித்தது. ஒவ்வொரு முறையும் தர்மின், "மன்னிச்சுக்கங்க அப்பா" என்றான். மூன்று முறை சொன்னான். முதல் தளத்தில் சாய்தளம் தொடங்கும் இடத்தில்தான் சந்தூக்கில் கிடத்திக் கீழே கொண்டுவந்தார்கள். நாலு பேர் அதைத் தோளுக்கு உயர்த்த, வழக்கப்படி பேரப்பிள்ளைகள் அதன் அடியில் மூன்று முறை குனிந்து போனார்கள்.

வுர்யானி தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். துக்கத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது.

ஏழாம் நாள் துஆவுக்குப் பெண்கள் அப்பெம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து மாவு கலக்கிக்கொண்டே வுர்யானி கேட்டாள். "அறுபத்தொரு தடவை கூடினோம். ஒருத்தர்கூட ஏன் எங்கிட்டச் சொல்லல?"

ஒருவரும் நிமிரவில்லை. அப்பத்தைப் புரட்டும் வேலை திடீரென்று எல்லோருக்கும் முக்கியமாகிவிட்டது. ஜுமிராதான் வாய் திறந்தாள்.

"சொன்னோமே இபு."

"எப்ப?"

"அலமாரி ஏறுமா, அலமாரி எறங்குமான்னு கேட்டோமே."

வுர்யானி மாவுக் கையைக் கழுவிவிட்டு எழுந்தாள்.

வீட்டுக்குப் போய்க் கூட்டக் குறிப்புகளை எடுத்தாள். அவள் கையெழுத்துத்தான். ஏழாவது கூட்டத்தில் கஸ்முரி: ஆள் உயர அலமாரி திருப்பத்தில் திரும்புமா? பதினொன்றாம் கூட்டத்தில் ஒரு மீனவர்: படுத்த வாக்கில் அலமாரியை இறக்க வேண்டி வந்தால்? இருபதாம் கூட்டத்தில் ஜுமிரா: கழற்ற முடியாத அலமாரியும் உண்டே இபு. மொத்தம் பதினேழு இடத்தில் அலமாரி. வீட்டுக்கு அலமாரியே இல்லாத ஜனங்கள், துணியைக் கயிற்றில் போடுகிற ஜனங்கள், பதினேழு முறை கேட்டிருக்கிறார்கள். அதன் எதிரே அவள் எழுதியிருந்தாள்: அலமாரியைப் பிரித்து ஏற்றலாம் என விளக்கப்பட்டது. ஒப்புக்கொண்டார்கள்.

ஒப்புக்கொள்ளவில்லை. 'இங்கிஹ்' என்றார்கள். அதற்குச் சரி என்றும் பொருள், காதில் விழுந்தது என்றும் பொருள், இதற்குமேல் உங்களைச் சங்கடப்படுத்தமாட்டேன் என்றும் பொருள். புது வீடு பேசும் இடத்தில் சாவைப் பேசினால் ஆகாது. அவள் அம்மாவும் அப்படித்தான் வளர்த்தாள். வேற்றூர்க்காரி ஒருத்தி வரைந்திருந்தால், ஒன்றும் தெரியாமல் "இங்க யாராச்சும் செத்தா எப்படித் தூக்குவீங்க?" என்று போட்டு உடைத்துக் கேட்டிருப்பாள். கேட்கக்கூடாததைக் கேட்காத மரியாதை தெரிந்தவளாகப் பிறந்துதான் வுர்யானி தவறினாள்.

மறுநாளே போய் ஜுமிராவிடம் உறுதி சொன்னாள். "ஒவ்வொரு திருப்பத்துலயும் ஜாலியை உடைச்சு வழி விடறேன் யூ. வெளிப்பக்கமா எறக்கறதுக்கு ஒரு மேடை போடறேன். படுத்த வாக்கில எறங்கலாம்."

"அவசரமில்ல இபு" என்றாள் ஜுமிரா. பிறகு கொஞ்சம் யோசித்து, மெல்லச் சிரித்தபடி, "எனக்கும் ஒரு அலமாரி எறக்க வேண்டியிருக்கு. ஆனா அவசரமில்ல" என்றாள்.

அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்திருந்தது வுர்யானிக்குத் தெரியும். இரண்டு வருஷம் என்று வைத்தியர் சொன்னதும் தெரியும்.

கட்டடம் நகர அலுவலகத்துக்குச் சொந்தம். ஆணி அடிக்கவும் அவர்கள் அனுமதி வேண்டும். அங்கே பொறுப்பிலிருந்த ஹெர்லம்பாங் அவளிடம் படித்தவன். எழுந்து நின்று வரவேற்று, காப்பி வரவழைத்து, மனுவைப் படித்தான்.

"இதுல 'பிழை'ன்னு போட்டிருக்கீங்களே இபு. 'வடிவமைப்பாளரின் பிழை'ன்னு. அந்தச் சொல்லு வேணாமே. 'மேம்பாடு'ன்னு போட்டுடுங்க."

"மேம்பாடுன்னா எப்ப உடைப்பீங்க?"

"வரிசை இருக்கு. நாலஞ்சு வருஷம் ஆகலாம்."

"பிழைன்னா?"

"பிழைன்னா அவசரக் கணக்குல வரும். ஆனா விசாரணை வைப்பாங்க. உங்க பேராசிரியர் பதவிக் கோப்பு மேல போயிருக்கு. ரெண்டாவது கட்டடத்துக்கும் இதே வரைபடந்தான். எல்லாம் நிக்கும் இபு. ஒரு சொல்லுதானே, மாத்திடுங்களேன்."

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். அவளும் பேனாவை எடுத்தாள். அலமாரி என்று பதினேழு முறை எழுதிய அதே கை. இன்னொரு முறை ஒன்றைச் சொல்ல வேறொன்றை எழுத அதற்கு மனம் வரவில்லை. பிழை என்பதன் கீழே ஒரு கோடும் போட்டுக் கையெழுத்திட்டாள். பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு நேராகப் பேசியதில்லை.

அதன் பலன் அவள் நினைத்த மாதிரி அமையவில்லை. விசாரணைக் குழு வந்தது. குழு முடிவு சொல்லும்வரை கட்டடத்தில் ஒரு செங்கல்லையும் தொடக்கூடாது என்று உத்தரவு ஒட்டினார்கள். எந்தச் சுவரை உடைக்க எழுதினாளோ அந்தச் சுவருக்கே காவல் போட்டார்கள். அவளுடைய பதவிக் கோப்பு திரும்பி வந்தது. இரண்டாவது கட்டடம் நின்றது. அதற்குக் காத்திருந்த முப்பத்திரண்டு குடும்பம் இன்னும் பழைய கம்போங்கில் முழங்கால் தண்ணீரில் இருந்தது. அவள் அங்கே மன்னிப்புக் கேட்கப் போனபோது, நெற்றியில் தழும்பிருந்த ஒருத்தி குனிந்து வாசலுக்கு வந்தாள்.

"எங்க வீட்டுல சாகறதுக்கு ஒரு கஷ்டமும் இல்ல இபு. நேரா தூக்கிட்டுப் போயிடலாம். பொழைச்சுக் கெடக்கறதுதான் கஷ்டம். அதுக்கு யாரு கடிதாசி எழுதுவா?"

வகுப்பில் ஒரு மாணவி, செய்தித்தாளில் வந்ததை வைத்து, "இபு, எல்லாரையும் கேட்டு வரையறதுனால என்ன பயன்?" என்று கேட்டாள். வுர்யானி வாரத்துக்கு இரண்டு தடவை அலுவலகப் படியேறினாள். ஹெர்லம்பாங் ஒவ்வொரு முறையும் காப்பி வரவழைத்தான்.

ஒன்றரை வருஷம் அப்படிப் போயிற்று. ஒரு வெயில்கால முற்பகலில் அவள் அந்தக் கட்டடத்துக்குப் போனபோது, கீழ்த்தளத்தில் மோட்டார்சைக்கிள்களுக்கும் மீட்பால் சூப் வண்டிக்கும் நடுவே ஒரு மூங்கில் கட்டில் கிடந்தது. இரண்டு தூணுக்கிடையே புடவை அகலத்துக்கு ஒரு துணி கட்டியிருந்தது. கட்டிலில் ஜுமிரா தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். கால்கள் வீங்கியிருந்தன.

"என்ன யூ ஜும், இங்க?"

"மேல ஒரே புழுக்கம் இபு. இங்க நல்லா காத்து வருது."

மூன்றாம் தளம்தான் அந்தக் கட்டடத்திலேயே காற்று அள்ளிக்கொண்டு போகும் இடம். மூன்று வருஷம் கருவி வைத்து அளந்து வுர்யானியே அதை எழுதியிருக்கிறாள். கீழ்த்தளத்தில் புகையும் கடல்சேற்று வாடையும்தான். இந்த முறை அவளுக்குக் குறிப்பைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மகன் முதுகில் இறங்க மனமில்லாமல், தன் காலால் இறங்க முடிந்த கடைசி வாரத்தில் அந்த மனுஷி இறங்கி வந்திருக்கிறாள்.

"மேல வாங்க யூ. நான் இன்னிக்கே ஆளைக் கூட்டிட்டு வந்து அந்தச் சுவரை உடைக்கிறேன். எவன் கேக்கறான்னு பாக்கறேன்."

"உங்களுக்கு இன்னும் எதுக்கு வம்பு? விசாரணை முடியட்டும்."

வுர்யானி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஜுமிரா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"அழாதீங்க இபு. போறவங்க வர்றவங்க பாக்கறாங்க. நான் அதுக்குள்ள போயிட்டேன்னு நெனச்சு அப்பெம் சுட ஆரம்பிச்சுடப் போறாங்க."

பத்தொன்பது நாள் அந்தக் கட்டிலில் இருந்தாள். குடியிருந்தவர்கள் எல்லோரும் மேலே புழுக்கம்தான் என்று ஒத்துக்கொண்டார்கள். வண்டிகளை ஓசையில்லாமல் தள்ளிக்கொண்டு போய் வெளியே கிளப்பினார்கள். பெருக்குத் தண்ணீர் வந்த மூன்று நாளும் கட்டில் காலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினார்கள். வுர்யானி தினமும் வகுப்பு முடிந்து வந்து அவள் காலைப் பிடித்துவிட்டாள். சுவரைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகை நேரத்தில் ஜுமிரா இறந்தாள். சந்தூக்கு நாலு தோளில் நேராக உள்ளே வந்தது, அவளோடு நேராக வெளியே போனது. ஒரு தூணில்கூட உரசவில்லை. பேரப்பிள்ளைகள் அடியில் மூன்று முறை புகுந்து வந்தார்கள்.

அடக்கம் முடிந்து திரும்பியபின் தர்மின் வுர்யானியிடம் வந்தான். அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டான்.

"எவ்வளவு சுலபமா ஆச்சு பாத்தீங்களா இபு. கீழ்த்தளத்தை நீங்க வெறுமனே விட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு."

அவன் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே நன்றி சொன்னான். திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கட்டிலை மேலே கொண்டுபோக ஒரு கை பிடிக்கட்டுமா என்று கேட்டாள்.

"அது இங்கயே கெடக்கட்டும் இபு" என்றான் தர்மின். "எங்க எதிர்வீட்டுப் பெரியவரு கேட்டிருக்காரு. அவருக்கும் மேல புழுக்கமா இருக்குதாம்."